கிழக்கு ஜன்னலில் வைத்த பீர்

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொல்கத்தா டாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்தது இது. இங்கே குளிர்காலம் வந்தால் பிக்னிக் போடாத கட்டடம் கிடையாது. வெயிலில் பாய் விரித்து, மத்தியானம் முழுக்கச் சாப்பிட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டே அரட்டை அடிப்பார்கள். அந்த வருடத்துப் பிக்னிக், எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வழியனுப்பும் விருந்தாகவும் அமைந்துவிட்டது. அவர் வங்காளி, மனைவியை இழந்தவர். வீட்டை விற்றுவிட்டு, புனேயில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் நாங்கள். நான் அவரைத் தாதா என்பேன்; இங்கே அதற்கு அண்ணன் என்று பொருள். அவர் என்னை மொஷாய், அதாவது ஐயா, என்பார். என் மனைவியை பௌதி, அதாவது அண்ணி.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் தேயிலை ருசி பார்த்துப் பிழைத்தவன். திருநெல்வேலியிலிருந்து படிப்பு முடித்த கையோடு இங்கே வந்து, தேயிலைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். நீளமான மேஜையில் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். எந்தத் தோட்டத்து இலை, எந்த மழைக்குப் பிறகு பறித்தது, பெட்டியில் எதன் பக்கத்தில் வைத்திருந்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவேன். ஆபீசில் என் நாக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். உண்மையில் அது நாக்கின் வேலையே இல்லை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பும் புளிப்பும் உப்பும் கசப்பும்தான். மற்ற எல்லாம் மூக்கு.

அந்த மூக்குதான் போய்விட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த காய்ச்சல் இறங்கியது; வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், ஆறு மாதம் பார்த்தேன். ஊதுபத்தி, வெங்காயம், பாச்சை உருண்டை எல்லாம் எனக்கு ஒன்றுதான். டாக்டரிடம் தனியாகப் போய் வந்தேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், வெட்கம்தான். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் கட்டடத்தில் யார் தேயிலை வாங்கினாலும் என்னிடம் ஒரு கை கொண்டுவந்து காட்டுவார்கள். தாதா ஒவ்வொரு வசந்தத்திலும் டார்ஜிலிங் புது இலை வாங்கிவந்து, நான் ஒரு வாய் உறிஞ்சித் தலையாட்டுகிற வரை தான் குடிக்காமல் காத்திருப்பார். அந்த ஒரு மரியாதையை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதனால் நிறத்தைப் பார்த்தும், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவந்தேன்.

இதில் மனைவி விஷயம் வேறு. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமையலுக்கும் நான் ஆபீஸ் மாதிரியேதான் தீர்ப்பு சொல்லிவந்தேன். புளி முன்னால் நிற்கிறது, வெந்தயம் ஒரு நொடி கூடுதலாக வறுபட்டிருக்கிறது, தேங்காய் நேற்றையது. நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். நன்றாக இருப்பதுதானே முறை என்று நினைப்பு. மூக்கு போன பிறகோ, எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் புகழ ஆரம்பித்தேன். ரசம் பிரமாதம். கூட்டு அபாரம். ஓர் ஆடி மாதம் அவள் சொதி வைத்தாள். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு எங்கள் ஊரில் வைக்கிற குழம்பு; எங்கள் வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு அதுதான். அன்றைக்கு, “உங்க அம்மா வைக்கிறதைவிட நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். சாயங்காலம் தங்கைக்கு போன் பண்ணி, “இப்பல்லாம் அவுக குத்தமே சொல்லுததில்ல தெரியுமா? கை பக்குவப்பட்டுட்டு போல எனக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து அடுப்படியில் பாட்டு முணுமுணுப்பு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். பொய்க்கு அதுபோல வசதியான காரணம் வேறு கிடையாது.

இனி பீர் விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தைய வருடப் பிக்னிக்கில், கட்டடத்து செக்ரட்டரி ஒரே வகை பீரை, அதுவும் இருப்பதிலேயே ஸ்டிராங்கானதை, பெட்டி பெட்டியாக வாங்கிவந்து இறக்கிவிட்டார். பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். ஆகவே இந்த முறை ஆளுக்கு ஆள் ருசி பார்த்து வாங்க வேண்டும் என்று மாடிப்படியில் நின்று ஒரு கூட்டம் போட்டார்கள். யார் வாங்குவது என்ற பேச்சு வந்ததும் தாதா கையைத் தூக்கினார்.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உலகமே தீர்ப்புக் கேட்டுத் தேநீர் குடித்த நாக்கு நம் கட்டடத்தில் இருக்கிறது. மொஷாய் தேர்ந்தெடுக்கட்டும்.”

“அவர்தான் குடிக்கவே மாட்டாரே!” என்றார் செக்ரட்டரி.

“அதுதான் நல்லது. நீ தேர்ந்தெடுத்தால் பாதி கடையிலிருந்து வருவதற்குள் காலியாகிவிடும். இவர் துப்பிவிடுவார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். “போகிறதற்கு முன் உன் கையால் தேர்ந்தெடுத்த ஒன்றைக் குடித்துவிட்டுப் போகிறேனே” என்று தாதா தோளில் கை போட்டதும் தலையாட்டிவிட்டேன்.

வீடு வீடாகப் போய் ருசி விசாரித்தோம், தாதாவும் நானும். முதல் மாடியில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மையார், “கறுப்பு பீர் இருந்தால் பார்க்கலாம், மற்றதெல்லாம் சோடா” என்றார். செக்ரட்டரிக்கு அதே ஸ்டிராங். மேல் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு கோதுமை பீர். தாதாவுக்குக் கசப்பு. “வங்காளிக்குச் சாப்பாடே கசப்பில்தான் ஆரம்பம், பாகற்காய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியாதா” என்றார்.

எழுபது வயதைத் தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக மதுக்கடை வாசலில் நின்றேன். குரங்குக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்து தாதா, “மொஷாய், இப்படிப் போனால் கொள்ளையடிக்க வந்திருக்கிறோம் என்று ஷட்டரை இறக்கிவிடுவான்” என்றார். வகைக்கு ஒரு பாட்டிலாக வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ருசி பார்க்கும் சடங்கு. ஓய்வு பெறும்போது ஆபீசில் கொடுத்த வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். துப்புவதற்கு ஒரு வாளி கேட்டேன்.

“எந்த வாளி?” என்றாள் மனைவி. “துணி அலசுததா, வீடு தொடைக்கதா? என்னமும் எடுத்துக்கிடுங்க. முடிஞ்சதும் வாளிய எனக்குத் திருப்பித் தந்திராதிய. இங்கன ஒரு சொட்டு சிந்திச்சுன்னா, சாமி அறைப் பக்கம் ஒரு வாரத்துக்கு வரப்பிடாது, சொல்லிட்டேன்.”

தாதா பக்கத்தில் நாற்காலி போட்டு, கோவிலில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். தேயிலையில் எல்லாக் கிண்ணமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பீரையும் ஃபிரிட்ஜில் வைக்காமல் அப்படியே ஊற்றினேன். பழக்கப்படி ஒரு கரண்டி எடுத்து, பலமாக ஓர் உறிஞ்சு உறிஞ்சினேன். தேநீருக்கு நுரை கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நுரை மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வழிய இருமித் தள்ளினேன். தாதா பயபக்தியோடு, “இதுவும் முறையில் சேர்ந்ததா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பும் சொன்னேன். ஆரஞ்சுத் தோல் வாசனை, வறுத்த தானியத்தின் ஆழம், பின்வாயில் பூ மணம். தாதா ‘ஆஹா’ என்றார். அவ்வளவும் முந்தைய இரவு கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டில் லேபிள்களில் படித்து மனப்பாடம் செய்தது. என் நாக்குக்கு எட்டியது கசப்பும் குறுகுறுப்பும்தான். கரும்பலகையைப் பார்த்துப் பாடம் ஒப்பிக்கிற பையனாக இருந்தேன்.

தாதாவுக்கு என்று எடுப்பதை மட்டும் நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசை. மூக்கு இல்லாதவனுக்கு மீதி இருப்பது கண். ஒரு வகை, நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் இருந்தது. உள்ளே இருந்த பீர், டார்ஜிலிங்கின் கோடைப் பறிப்பு இலையை இறக்கிய நிறத்தில் தகதகவென்று நின்றது. நாக்கில் வைத்தால் நல்ல கசப்பும் இருந்தது. இதுதான் என்று முடிவு கட்டி, ஒரு டஜன் வாங்கினேன். மற்ற வகைகள் ஃபிரிட்ஜுக்குள் போயின. மனைவி உளுந்து மாவுக்கும் கொஞ்சம் இடம் கேட்டதால் தாதாவின் பாட்டில்களை மட்டும் வெளியே வைக்கும்படி ஆயிற்று. சாப்பாட்டறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினேன். தேயிலை அறையில் கிண்ணங்களை ஜன்னல் வெளிச்சத்தில்தான் வைப்போம். நிறம் அப்போதுதான் பேசும். காலையில் எழுந்து, அந்த வரிசையில் வெளிச்சம் புகுந்து மேஜைத் துணியில் பொன்னாக விழுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பேன். பிக்னிக் நாள் வரைக்கும் அந்தச் சுகம் கிடைத்தது.

தேயிலை அறையின் ஜன்னல் எப்போதும் வடக்குப் பார்த்திருக்கும். நேர் வெயில் உள்ளே வராது. எங்கள் வீட்டு ஜன்னல் கிழக்கு. இது என் நினைவுக்கு வரவே இல்லை. வெயில் பட்டால் பீர் கெடும், அதுவும் வெள்ளைக் கண்ணாடியில் வெகு சீக்கிரம் கெடும் என்பதை எனக்குச் சொல்ல ஆளும் இல்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரமாதமான வெயில். மாடி முழுக்கப் பாய்கள். செக்ரட்டரி வீட்டு மீன் வறுவல், பட்டாணிச் சுண்டல், வெல்லம் போட்ட சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, நடுவில் என் மனைவி சுடச்சுடக் கொண்டுவந்து கொட்டிய உளுந்த வடை. ஒரு பெரிய ஈய டப்பில் ஐஸ் போட்டு, அதில் பாட்டில்களைப் புதைத்தோம். நான் பந்தி விசாரிப்பதுபோல ஒவ்வொருவருக்கும் அவரவர் வகையை எடுத்துக் கொடுத்தேன். அம்மையாருக்குக் கறுப்பு, மேல் மாடிக்குக் கோதுமை. கடைசியில் தாதாவுக்கு அந்தத் தங்க நிற பாட்டிலைத் திறந்து, கண்ணாடி டம்ளரில் சாய்த்து ஊற்றி, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் வாயருகே கொண்டுபோனார். ஒரு கணம் நின்றார். பிறகு ஒரு பெரிய மிடறு விழுங்கி, கண்ணை மூடி, “ஆஹா, மொஷாய்!” என்றார். அவர் கண் ஓரம் கசிந்திருந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேல் மாடிப் பெண் தன் டம்ளர் காலியானதும், “இவருக்கு என்று ஸ்பெஷலாக வைத்திருப்பதில் கொஞ்சம் நான் பார்க்கிறேன்” என்று ஊற்றிக்கொண்டாள். தாதா டம்ளரை நீட்டித் தடுக்கப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்து டம்ளரைத் தள்ளிப் பிடித்தாள்.

“அங்கிள், இது கெட்டுப்போயிருக்கு! என்ன நாற்றம்!”

“உனக்கு என்ன தெரியும்?” தாதா பாய்ந்தார். “இது இப்படித்தான் இருக்கும். இது ஸ்பெஷல். மொஷாய் தன் வாயால் ருசி பார்த்து எடுத்தது. உங்கள் காலத்து நாக்குகளுக்கு இதெல்லாம் பிடிபடாது.” சொல்லிவிட்டு, அடுத்த டம்ளரை விளிம்பு வரை ஊற்றிக்கொண்டார்.

அம்மையார் எட்டி முகர்ந்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடினார். செக்ரட்டரி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருமே என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் வடைத் தட்டோடு நின்று பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வகை இப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். வாய்வரைக்கும் அது வந்துவிட்டது.

தாதா இரண்டாவது டம்ளரை உதட்டில் வைத்தார். மிடறு அவர் தொண்டையில் இறங்க மறுத்து நிற்பதைப் பார்த்தேன். அந்த நாற்றத்தை அவர் முழு டஜனும் குடித்துத் தீர்ப்பார் என்று எனக்குப் புரிந்தது. நான் தேர்ந்தெடுத்தேன் என்ற ஒரே காரணத்துக்காக.

அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன்.

“குடிக்காதீர்கள், தாதா. எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சல் வந்ததிலிருந்து மூக்கு இல்லை. இதுவரை சொன்னதெல்லாம் பொய். லேபிளைப் படித்துத்தான் சொன்னேன்.”

வங்காள மொழியில்தான் சொன்னேன்.  

தாதா என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “அப்படியானால் இது உண்மையிலேயே நாற்றம்தானா?” என்றார். “கடவுளே! நான் என் மூக்குதான் போய்விட்டது என்று பயந்துகொண்டிருந்தேன்!” என்று சொல்லி, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய், வாயில் ஒட்டியிருந்ததைச் செடித் தொட்டியில் துப்பினார். நான் துப்புகிற அதே பாணியில். முதலில் செக்ரட்டரி சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது.

“நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்” என்றார் தாதா, வாயைத் துடைத்துக்கொண்டு. “போகிறவன்தானே, இனி என்ன பயம். மொஷாய், உன் வீட்டுக் காப்பி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முப்பது வருடமாக மருந்து என்று நினைத்து விழுங்குகிறேன்.”

அதற்குப் பிறகு யாரையும் தடுக்க முடியவில்லை. ஸ்டிராங் இல்லாவிட்டால் தண்ணீர் என்று பேசிய செக்ரட்டரி, இதுவரை தன் பாட்டிலில் பாதிக்குச் சோடா கலந்துதான் குடித்துவருவதாகச் சொன்னார். அம்மையாருக்குக் கறுப்பு பீர் எப்படி இருக்கும் என்றே தெரியாதாம். “பெரிய படிப்புப் படித்தவள் லேசானதைக் கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன்” என்றார். மேல் மாடிப் பையன், “கோதுமை பீர் இவளுக்குத்தான் பிடிக்கும், எனக்கு லெமன் சோடா போதும்” என்று மனைவிக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான். ஒவ்வொரு குட்டும் உடைய, பாயில் உருண்டு சிரித்தார்கள். இவ்வளவு கவனமாக வீடு வீடாகப் போய் விசாரித்த ருசியில் பாதிக்கு மேல் பொய்!

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்தாள். தமிழில்தான் கேட்டாள்.

“காய்ச்சல் வந்ததுலருந்தா?”

“ஆமா.”

“அப்ப, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?”

பிடுங்கிய டம்ளரைப் பாயில் வைத்தேன்.

“அந்தச் சொதி? எங்க அம்மையவிட நல்லாருக்குன்னு சொன்னியளே, அது?”

தலையைக் குனிந்துகொண்டேன்.  தாதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் காலடியில் வடைத் தட்டு இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்து, “பௌதி, என் மூக்கு நன்றாக இருக்கிறது என்று இப்போதுதான் நிரூபணம் ஆகியிருக்கிறது. நான் சொல்கிறேன், இது முதல் தரம். புனேயில் எனக்கு இது கிடைக்காது” என்றார். அவள் அவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்து, தாதாவின் அந்தக் கெட்டுப்போன டம்ளரை எடுத்து மூக்கருகே வைத்தாள்.

“இங்க பாருங்க. கேட்டுக்கிடுங்க. அடைமழையில நனைஞ்ச நாயி அடுப்படிக்குள்ள வந்து ஒடம்ப சிலுப்பினா எப்படி இருக்கும்? அது இது.”

எனக்கு அந்த நாய் வந்துவிட்டது. ஈரம், ரோமம், அடுப்புச் சாம்பல் எல்லாம் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வாசனை எனக்கு எட்டியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது.

“இன்னும் என்னென்ன இருக்கு? எடுங்க” என்றாள்.

சைவக் குடும்பத்தில் பிறந்து, இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துக் குடிப்பவள், ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வாய், குருவி குடிப்பதுபோல எடுத்தாள். கறுப்பைக் குடித்துவிட்டு, “உளுந்த வறுக்கும்போ கருகுததுக்கு முந்தி ஒரு மணம் வரும்லா, எறக்கு எறக்குன்னு சொல்லுமே, அது” என்றாள். கோதுமைக்கு, “பச்சக் கொத்தமல்லி வெதைய நசுக்கி, ஆரஞ்சுத் தோல கையில புழிஞ்ச மாதிரி. இது நல்லாருக்கு.” ஸ்டிராங்குக்கு முகத்தைச் சுருக்கி, “பழைய சோத்துத் தண்ணியில வெல்லத்தப் போட்டு, மறந்து ரெண்டு நாள் வச்சிட்டாங்க” என்றாள். நான் ஒவ்வொன்றையும் வங்காள மொழியில் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. “பௌதி, எனக்கு அந்த உளுந்து!” “எனக்கு ஆரஞ்சுத் தோல்!” என்று டம்ளர்கள் நீண்டன. அம்மையார் கோதுமைக்கு மாறினார். தாதா உளுந்துக்கு மாறி, “இதில்தான் சரியான கசப்பு இருக்கிறது, இத்தனை நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?” என்று என்னைத் திட்டினார். என் அட்டவணை முழுக்கத் தலைகீழானது. ஆனால் எல்லோர் கையிலும் அவரவருக்குப் பிடித்தது இருந்தது. வெயில் இறங்கி, கைப்பிடிச் சுவர் நிழல் பாய்க்கு வரும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ராத்திரிச் சாப்பாடு பரிமாறினாள். மறுநாளும் தட்டில் பரிமாறினாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு? பொய் சொன்னதுக்கா, இல்ல நெசமா ருசி தெரிஞ்ச காலத்துல ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொல்லாததுக்கா?” என்றாள்.  பொய்யை ஒத்துக்கொண்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய குற்றம் அதற்கு முன்னால் நாற்பது வருடமாக நடந்திருக்கிறது.

தாதா ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு அவள் சொதி வைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் கவளத்தை எடுக்கும் முன் அவள் என் பக்கம் திரும்பி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “தேங்காப்பால் ரெண்டாம் பால்ல காய் வெந்துருக்கு. இஞ்சி கொஞ்சம் தூக்கலா விழுந்துட்டு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சதும் அந்த இஞ்சி அடங்கி, முருங்கக்கா வாசம் மேல வந்துட்டு. மொத்தத்துல நல்லாருக்கு. அம்மை வைக்கிற அளவுக்கு இல்ல.” தாதா ஒரு வார்த்தையும் புரியாமல் தலையாட்டி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். தாதா புனேயிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, “பௌதி இன்றைக்கு என்ன வாசனை சொன்னார்?” என்பதுதான். என் மூக்கு திரும்பவில்லை. இனி திரும்பாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் கையால் சமைத்ததை நாற்பது வருடம் முகர்ந்து பார்த்தும் தெரியாத ருசி, அவள் வாயால் சொல்லக் கேட்டுச் சாப்பிடும் இந்த நாட்களில்தான் எனக்குத் தெரிகிறது.